பெயர் தொலைத்த முகங்கள்: பழைய குழுப்படத்தில் நிற்பவர் யார் என அறிவது எப்படி?

பழைய குழுப்படம் ஒன்றில் எல்லோருக்கும் பெயர் தெரிந்து ஓரத்தில் நிற்கும் ஒருவருக்கு மட்டும் தெரியாமல் போவது அடிக்கடி நடப்பது. கால்பந்துக் கழகத்தின் ரசிகர்கள் தங்கள் அணியின் நூறாண்டுப் படத்தை வைத்துக்கொண்டு அந்த ஒருவரைத் தேடுவதுண்டு. பூட்டிய வீட்டைத் திறக்கும் பேரப்பிள்ளைகள் சுவரில் தொங்கும் தாத்தாக்களில் தம் தாத்தா யார் என்று தேடுவதுண்டு. கல்வெட்டறிஞர்கள் இதே வேலையைக் கற்சிற்பத்திலும் சுவரோவியத்திலும் செய்து வந்திருக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: ஓர் உருவத்தையும் ஒரு பெயரையும் இணைப்பது எது? முகமா, எழுத்தா, நினைவா, உருவத்தோடு சேர்ந்து கிடக்கும் மற்றப் பொருள்களா?

இக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த விடைகளைப் பார்க்கச் செட்டிநாடு வசதியான இடம். காரைக்குடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிள்ளையார்பட்டிக் குடைவரையில் ஒரு பெயர் இருக்கிறது, அதற்கு உரிய முகம் இல்லை. காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளின் முகப்பிலும் வளவிலும் முகங்கள் இருக்கின்றன, பலவற்றுக்குப் பெயர் இல்லை.

குழுப்படத்தின் இலக்கணம்

சங்கம், கழகம், பள்ளி, விளையாட்டு அணி ஆகியவற்றின் படங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஒரு வாய்பாடு அமைந்துவிட்டது. நடுவில் தலைவர், அவருக்கு இருபுறமும் பொறுப்பாளர்கள், பின்வரிசையில் நிற்போர், முன்வரிசையில் நாற்காலியில் இருப்போர், தரையில் சம்மணமிட்டோர். கால்பந்து அணியானால் தலைவரின் காலடியில் பந்து, அதன்மேல் வெள்ளை எழுத்தில் ஆண்டு. படத்தின் அடியில் ‘இடமிருந்து வலம்’ என்று தொடங்கும் பெயர்ப்பட்டியல்.

தவறு பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் நுழைகிறது. வரிசையில் ஒருவர் பெயர் விட்டுப்போனால் அவருக்கு வலப்புறம் உள்ள அனைவரும் ஓரிடம் நகர்ந்து அடுத்தவர் பெயரைப் பெற்றுவிடுவர். பட்டியலைப் பின்னாளில் நினைவிலிருந்து எழுதினாலும் இதே விபத்துதான். ஆகவே தலைகளை எண்ணிப் பெயர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது முதல் சோதனை. இரண்டும் பொருந்தினாலும் முழு நம்பிக்கை வைப்பதற்கில்லை. ஒருவர் பெயர் விடுபட்டு, வராத ஒருவர் பெயர் சேர்ந்திருந்தால் கணக்குச் சரியாகவே வரும்.

அணியின் பெயர்கள் வேறு வழியில் உறுதிப்பட்டிருந்தால் சிக்கல் குறையும். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்ற மோகன் பகான் அணியின் பதினொருவர் பெயரும் வங்காளத்தில் மனப்பாடம். வெறுங்காலோடு ஆடிய அந்த அணியில் பூட்ஸ் அணிந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவரே என்பதால் காலைப் பார்த்தும் ஆளைச் சொல்லலாம். இதற்கு எதிர்முனையில் நிற்பது 2001 ஏப்ரல் 18 அன்று மியூனிக்கில் பேயர்ன் அணியுடனான ஆட்டத்துக்கு முன் எடுத்த மான்செஸ்டர் யுனைடெட் படம். கார்ல் பவர் என்ற ரசிகர் அணிச்சட்டையோடு மைதானத்துக்குள் புகுந்து வீரர்களோடு வரிசையில் நின்றுவிட்டார். படத்தில் பன்னிரண்டு பேர். செய்தி பரவியதால் இன்று எல்லோருக்கும் அவரைத் தெரியும். செய்தி இல்லாமல் படம் மட்டும் எஞ்சியிருந்தால், பின்னாளில் ஒரு மாற்று ஆட்டக்காரரின் பெயர் அவருக்குச் சூட்டப்பட்டிருக்கும்.

பெயர்ப்பட்டியல் யாரைச் சேர்த்தது, யாரை விட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். வீரர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும் பெயர் உண்டு. மைதானத்தைப் பராமரித்தவருக்கும் பந்து தைத்தவருக்கும் பெரும்பாலும் இல்லை. வீட்டுப் படங்களில் கணக்கப்பிள்ளையும் சமையற்காரரும் ஓரத்தில் நிற்பார்கள், பட்டியலில் இருக்கமாட்டார்கள். பெண்கள் ‘இன்னார் மனைவி’ என்றோ ‘ஆச்சி’ என்றோ மட்டும் குறிக்கப்பட்டிருப்பார்கள். எனவே பெயர் தெரியாத ஒருவரைத் தேடுவோர் உறுப்பினர் பட்டியலில் மட்டும் தேடினால் அவர் கிடைக்காமலே போகலாம்.

படமே இடம்வலமாகத் திரும்பியிருக்கவும் கூடும். கண்ணாடித் தகட்டை மாற்றி வைத்துப் பிரதியெடுத்தால் எல்லாம் பக்கம் மாறிவிடும். பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரின் துதிக்கை வலப்புறம் சுழித்தது. இடப்புறம் சுழித்த துதிக்கையோடு அந்தச் சன்னிதியின் படம் கிடைத்தால் தகடு திரும்பியிருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம். மனிதர் படத்தில் அத்தனை எளிதல்ல. பெண்களின் மாராப்பு விழும் தோள், பூணூல் கிடக்கும் தோள், சட்டைப் பொத்தான், பின்னணியில் உள்ள பெயர்ப்பலகை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கொள்ளையன் பில்லி த கிட் இடக்கையன் என்ற நம்பிக்கை, இயல்பாகவே இடம்வலம் மாறிப் பதியும் தகரத்தகட்டுப் படம் ஒன்றைச் சரியாகப் படிக்காததால் பரவியது.

எழுத்தே சான்று என்போர்

உருவத்தின் மேலோ அருகிலோ பெயர் எழுதப்பட்டிருந்தால் அதுவே முடிவு என்பது கல்வெட்டாய்வு மரபிலிருந்து வந்த நிலைப்பாடு. அதன் வலிமை வெளிப்படையானது. அதன் எல்லையைக் காட்ட இரண்டு இடங்கள் போதும்.

முதலாவது பிள்ளையார்பட்டி. குடைவரையினுள் ஒரு சிறு கல்வெட்டு. பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறிவந்த கட்டத்தைச் சேர்ந்தது. எக்காட்டூரின் கோன் ஒருவனை அது குறிப்பதாகப் படிக்கிறார்கள். எக்காட்டூர் என்பது ஊரின் பழம்பெயரான எருக்காட்டூரோடு இணைத்துப் பேசப்படுகிறது. ஆளின் பெயரில்தான் வேறுபாடு: ஒரு வாசிப்பு ‘பெருந்தசன்’ என்றும், மற்றொன்று ‘பெருபரணன்’ என்றும் கொள்கிறது. முதல் வாசிப்பு அவரைத் தச்சராக, அதாவது பிள்ளையாரைச் செதுக்கிய சிற்பியாகக் காண வழி செய்தது. ‘கோன்’ என்ற சொல்லுக்கு முதன்மை தருவோர் அவரை ஊர்த்தலைவராக, குடைவிக்கச் செய்தவராகக் கொள்வர். பெயர் பரணன் என்று கொண்டும் அவரைச் சிற்பி என்றே சொல்லும் வழக்கு உள்ளூரில் நிலைத்திருக்கிறது. எழுத்தமைதியை மட்டும் பார்ப்போர் காலத்தை 5, 6ஆம் நூற்றாண்டு என்பர். குடைவரையின் அமைப்பைப் பிற பாண்டியக் குடைவரைகளோடு ஒப்பிடுவோர் பிற்பட்ட காலத்துக்கு நகர்த்துவர். அந்தப் பெயர் செய்தவருடையதா, செய்வித்தவருடையதா, வந்து வணங்கிப் போனவருடையதா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஒரு பெயர் ஓர் இடத்தில் இருப்பதால் அங்குள்ள உருவத்தோடு அதற்கு என்ன உறவு என்பது தானாகத் தெரிந்துவிடாது.

இரண்டாவது இடம் மாமல்லபுரத்து ஆதிவராகக் குடைவரை. அங்கே எதிரெதிரே இரண்டு அரசர்கள், ஒவ்வொருவரோடும் இரண்டு தேவியர். ஒருவர் அமர்ந்திருக்கிறார், மற்றவர் நிற்கிறார். தலைக்கு மேலே சிம்மவிண்ண போத்தரசன் என்றும் மகேந்திர போத்தரசன் என்றும் பொருள்படும் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பெயர்ப்பட்டியலோடு கிடைத்த குழுப்படம் போன்றது இது. எச். கிருஷ்ண சாஸ்திரி 1926இல் தொல்லியல் துறை வெளியீடாக இவற்றை விரிவாக எழுதினார். இவ்வளவு இருந்தும் வாதம் தீரவில்லை. பல்லவ மன்னர் சிம்மவிஷ்ணுவும் அவர் மகன் முதலாம் மகேந்திரவர்மனும் என்பது ஒரு கட்சி. குடைவரையின் பாணி பிற்பட்டது, ஆகவே சிம்மவிஷ்ணு என்பது முதலாம் நரசிம்மவர்மனைக் குறிக்கும் பெயர், நிற்பவர் இரண்டாம் மகேந்திரன் என்பது மற்றொரு கட்சி. இன்னும் பின்னுக்குத் தள்ளி இராசசிம்மனையும் அவர் மகனையும் சொல்வோரும் உண்டு. பெயரைப் படிப்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஒரே பெயர் பல தலைமுறைகளில் திரும்ப வந்ததுதான் தடை. செட்டிநாட்டுக் குடும்பப் படங்களில் இதே தடை மீண்டும் வரும்.

முகமும் கோலமும்

எழுத்து இல்லாத இடத்தில் தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்வது இரண்டாவது வழி. முடி, அணிகலன், நிற்கும் நிலை, உடன் இருப்போரின் பணிவு ஆகியவற்றிலிருந்து இவர் அரசர், இவர் ஆசிரியர் என்று சொல்லி, பிறகு வரலாற்றில் பொருத்தமான ஒருவரைத் தேடுவது இதன் முறை. இதன் பலவீனத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல்போல் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. அறிவர் கோவில் தூணில் முடியணிந்த ஒருவரும் ஒரு பெண்ணும் தீட்டப்பட்டுள்ளனர். ஓவியங்கள் ஆய்வுலகுக்குத் தெரியவந்தபோது குடைவரை முதலாம் மகேந்திரவர்மனுடையது என்ற கருத்து நிலவியதால் அந்த இணை மகேந்திரனும் அவர் தேவியும் என்று எழுதப்பட்டது. மகேந்திரன் சமணராக இருந்து சைவரானவர் என்ற கதை இதற்கு உரமூட்டியது. பின்னர் ஒரு கல்வெட்டு கவனத்துக்கு வந்தது. அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எடுத்ததை அது கூறுகிறது. ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன். அதன்பின் ஓவியத்து அரசர் பாண்டியரானார். அருகில் உள்ள மூன்றாமவரை இளங்கௌதமன் என்று கொள்வோரும் வந்தனர்.

முகம் மாறவில்லை. பல்லவருக்குப் பொருந்திய அதே கன்னமும் அதே முடியும் இருநூறு ஆண்டு பிற்பட்ட பாண்டியருக்கும் பொருந்தின. தோற்றம் சான்றாகப் பயன்பட்டதாக நினைத்தாலும், வேலையைச் செய்தது குடைவரையின் காலத்தைப் பற்றிய முன்முடிவுதான்.

தஞ்சைப் பெரிய கோவிலில் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்களைக் கண்டார். தாடியுள்ள முதியவரும் அவருக்குப் பின்னால் இளையவர் ஒருவரும் உள்ள பகுதி கருவூர்த் தேவரும் இராசராசனும் என்று புகழ்பெற்றது. நூல் அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் இராசராசனுக்கு இன்று தரப்படும் முகம் பெரும்பாலும் அதுவே. ஆனால் ஓவியத்தில் பெயர் எதுவும் இல்லை. ஆசிரியரும் மாணவரும் என்பது வரை தோற்றம் அனுமதிக்கிறது. இன்ன ஆசிரியர், இன்ன மாணவர் என்பது ஊகம். நல்ல ஊகமாக இருக்கலாம், எனினும் ஊகமே.

அதே கோவிலில் தோற்றத்துக்குப் பதில் அளவைச் சான்றாக்கும் வழியும் உண்டு. கோவில் அலுவலர் ஆதித்தன் சூரியன் இராசராசனுக்கும் உலகமாதேவிக்கும் செப்புத் திருமேனிகள் எடுத்ததைக் கல்வெட்டு முழம், விரல் கணக்கோடு பதிந்திருக்கிறது. அகமதாபாத் சாராபாய் அருங்காட்சியகத்தில் இருந்த இரு செப்புப் படிமங்கள் அவையே என்று கொள்ளப்பட்டு 2018இல் தஞ்சைக்குத் திரும்பின. இதுபற்றிய வாதங்களில் முகச்சாயலைவிட அளவுக்கும் கை மாறிய வரலாற்றுக்கும் கனம் அதிகம் இருந்தது நல்ல முறை.

நகரத்தார் வீடுகளில்: பெயர் இருந்தும் ஆள் தெரியாத நிலை

ஒளிப்படம் வந்தபின் முகத்தைப் பற்றிய ஐயம் நீங்கியிருக்க வேண்டும். லினேயஸ் ட்ரைப் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தபோது அவர் கவனம் கட்டடங்கள் மீது. மனிதரைப் பெருவாரியாகப் படமெடுத்தவை பின்னர் வந்த ஸ்டூடியோக்கள். செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் கொண்டுவிற்கச் சென்ற பர்மா, மலேயா, இலங்கை ஆகிய இடங்களில் எடுத்த படங்கள் தேக்குச் சட்டத்தில் ஊருக்கு வந்தன. அட்டையின் அடியிலோ பின்புறத்திலோ ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் ஊரும் ஏறத்தாழக் காலமும் தெரியும். ரங்கூனில் க்ளையர், அகுஜா போன்றோரின் தொழில் நடந்த ஆண்டுகள் ஆய்வாளர்களுக்குத் தெரியும். கிட்டங்கியில் தங்கிய முதலாளிகளும் ஏஜெண்டுகளும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படங்களில் உறவினர், பங்காளி, சம்பளக்காரர் எல்லோரும் கலந்திருப்பர். 1942இல் ஜப்பானியர் படையெடுப்பால் பர்மாவை விட்டு வந்தபோது இப்படங்களை விளக்கக்கூடிய ஏடுகள் பல அங்கேயே தங்கிவிட்டன.

படத்தின் அடியில் பெயர் இருந்தாலும் வேலை முடிவதில்லை. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். எனவே ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். ஒரே காலத்தில் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் அதே தாத்தா பெயரைத் தாங்கியிருப்பர். இவர்களைப் பிரிப்பது பெயருக்கு முன் நிற்கும் மூன்று நான்கு முதலெழுத்துகள், அதாவது விலாசம். அது தொழில் நடந்த கடையின் அடையாளமும்கூட. பாகம் பிரிந்தால் எழுத்து கூடும் அல்லது மாறும். பிள்ளை கூட்டினால், சுவீகாரம் போனவருக்குப் புதிய வீட்டின் விலாசம் வந்துவிடும். இளவயதுப் படத்தில் ஒரு விலாசமும் முதுமைப் படத்தில் வேறு விலாசமும் உள்ள ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணிவிடுவதும், இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவதும் இதனால்தான் நிகழ்கின்றன.

இதற்கு மாற்றுச் சான்று கோவிலில் இருக்கிறது. நகரத்தார் ஒன்பது கோவில்களின் வழிப் பங்காளிகளாகப் பிரிந்தவர்கள். பிள்ளையார்பட்டி அவற்றுள் ஒன்று. திருமணத்துக்குக் கோவில் மாலை வர வேண்டும். மணமானவர் புள்ளியாகிக் கோவில் கணக்கில் சேர்வார். எவர் எந்தக் கோவில், எந்த ஊர், எந்த வீடு என்ற கணக்கும், திருமணத்தில் எழுதும் இசைகுடிமானமும் சேர்ந்தால் குடும்பத்தின் நினைவைவிட உறுதியான சரடு கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டு: இரணியூரும் பிள்ளையார்பட்டியும் சகோதரக் கோவில்களாகக் கொள்ளப்படுவதால் அவற்றுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை. ஒரு திருமணப் படத்தில் மாப்பிள்ளை வீட்டாரை ஒரு கோவிலுக்கும் பெண் வீட்டாரை மற்றதற்கும் சேர்த்து யாராவது பெயர் சொன்னால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். இளையாத்தங்குடி போன்ற உட்பிரிவுள்ள கோவில்களில் விதி சற்று வேறுபடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இப்படி ஒருவரை ‘இவர் இல்லை’ என்று விலக்குவது, ‘இவர்தான்’ என்று சொல்வதைவிடப் பலமான அடி.

நகையும் பேசும். கழுத்திரு என்னும் கனத்த தங்க அணி நாள்தோறும் போட்டுக்கொள்வதன்று. திருமணத்தில் அணிவது, பிறகு கணவரின் அறுபதாம் ஆண்டுச் சாந்தியில் அணிவது. நரைத்த தலையோடு ஓர் ஆச்சி கழுத்திரு அணிந்து கணவரோடு அமர்ந்திருக்கும் படம் கிடைத்தால், அது சாந்திப் படமாக இருக்க வாய்ப்பு மிகுதி. அப்படியானால் செட்டியாருக்கு வயது அறுபது. கோவில் கணக்கோ ஜாதகமோ அவர் பிறந்த ஆண்டைச் சொன்னால் படத்தின் ஆண்டும் கிடைத்துவிடும். முகத்தைப் பார்த்து வயது மதிப்பிடுவதைவிட இது நம்பத்தகுந்தது.

வீட்டுப் பெரியவர்களின் நினைவு தனி வகைச் சான்று. நேரில் பார்த்தவரின் சொல்லுக்கு ஈடில்லை. ஆனால் ‘இது உன் கொள்ளுத்தாத்தா’ என்று குழந்தையாயிருந்தபோது கேட்டவர் சொல்வதும் நேரில் பார்த்தவர் சொல்வதும் ஒன்றல்ல. பல பேர் ஒரே பெயரைச் சொன்னால், அவர்கள் தனித்தனியே அறிந்தார்களா, எல்லோரும் ஒரே ஆளிடம் கேட்டார்களா என்று பார்க்க வேண்டும். பின்னது பெரும்பாலும் நிகழ்வது.

காரைக்குடிச் சங்கப் படம்

கழகப் படம் என்று சொல்லத்தக்க செட்டிநாட்டுப் படங்களில் மிகவும் அறியப்பட்டது 1919இல் காரைக்குடியில் எடுத்த இந்து மதாபிமான சங்கத்துப் படம். இராய. சொக்கலிங்கம், சொ. முருகப்பா முதலிய இளைஞர்களின் முயற்சியால் 1917இல் தோன்றிய சங்கம் அது. கானாடுகாத்தான் வை.சு. சண்முகம் செட்டியாரின் அழைப்பில் செட்டிநாட்டுக்கு வந்த சுப்பிரமணிய பாரதி சங்கத்துக்கும் வந்தார், அதைப் பாடினார், உறுப்பினர்களோடு படமெடுத்துக்கொண்டார். கையில் கோலோடு பாரதி தனியே இருக்கும் படமும் அதே வருகையின் பேறு. பாரதியின் நம்பத்தகுந்த ஒளிப்படங்கள் கைவிரல்களுக்குள் அடங்கும். ரா.அ. பத்மநாபனின் ‘சித்திர பாரதி’ 1957இல் வெளிவந்தபின் அவற்றின் இடமும் காலமும் பொதுவாசகருக்குத் தெளிவாயின.

இப்படத்தைக் காப்பாற்றியது பாரதியின் புகழ். அந்தப் புகழே பார்வையை ஒருபக்கமாகச் சாய்க்கிறது. அச்சிடும்போது பாரதியை மட்டும் வெட்டியெடுத்த பிரதிகள் பரவின, சுற்றியிருந்தோர் பின்னணியானார்கள். அவர்களில் பின்னாளில் பெயர் பெற்றவர்களை அடையாளம் காண்பது எளிது. இராய.சொ. 1974 வரை வாழ்ந்தவர். அவருக்குப் பிந்திய படங்கள் உண்டு, ஒப்பிடலாம். சங்கத்துக்கு வந்து, சந்தா கட்டி, பின்னர் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போய்விட்ட ஓர் இளைஞருக்கு ஒப்பிட வேறு படம் எங்கே? அடையாளம் காணும் முறைகள் எல்லாமே ஏற்கெனவே அறியப்பட்டவர்களுக்குச் சாதகமானவை என்பது இத்துறையின் அடிப்படைக் குறை.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. பெயர் தெரியாத முகத்துக்குப் புகழ்பெற்ற பெயரைச் சூட்டும் ஆசை எங்கும் உண்டு. அமெரிக்காவில் ஃபிரெஸ்னோ நகரில் பழைய பொருள் கடையொன்றில் 2 டாலருக்கு வாங்கிய படத்தில் சிலர் குரோக்கே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பில்லி த கிட் என்று 2015இல் அறிவிக்கப்பட்டு மதிப்பு 50 லட்சம் டாலர் என்று சொல்லப்பட்டது. வரலாற்றறிஞர் பலர் ஏற்கவில்லை. விலை, பெருமை, ஊர்ப்பற்று ஆகியவை ஒரு பெயரின் பக்கம் இழுக்கும்போது சான்றின் தரத்தை இரட்டிப்பாகக் கேட்பதே முறை.

ஆர்வலர்களின் கண்

தொழில்முறை ஆய்வாளர்கள் முடிந்ததென்று விட்டுவிட்டதை ரசிகர்களும் ஆர்வலர்களும் திருத்திய வரலாறு உண்டு. 1945 பிப்ரவரி 23 அன்று ஐவோ ஜிமா தீவில் ஜோ ரோசென்தால் எடுத்த கொடியேற்றும் படத்தில் ஆறு பேர். முகம் தெளிவாகத் தெரிவோர் மிகக் குறைவு. 1947இலேயே ஒருவர் பெயர் மாற்றப்பட்டது: ஹேன்சன் போய் ஹார்லன் பிளாக் வந்தார். ஜான் பிராட்லி என்ற மருத்துவ உதவியாளரின் பெயர் மட்டும் எழுபதாண்டுகள் நிலைத்தது. அவர் மகன் எழுதிய நூல் பெரும்புகழ் பெற்றது. இரு ஆர்வலர்கள் அன்று எடுத்த மற்றப் படங்களையும் அசையும் படத்தையும் சட்டகம் சட்டகமாக ஒப்பிட்டனர். பிராட்லியின் கால்சட்டை நுனி மடித்திருந்தது, கொடியேற்றியவரின் கால்சட்டை மடிக்கப்படவில்லை. இடைக்கச்சை வேறு, தலைக்கவசத்துக்கு அடியில் துணித்தொப்பி, இடுப்பில் கம்பி வெட்டும் கருவி. 2016இல் அமெரிக்கக் கடற்படைப் போர்வீரர் பிரிவு ஒப்புக்கொண்டது: பிராட்லி அந்த ஆறு பேரில் இல்லை, ஹரோல்டு ஷுல்ட்ஸ் இருக்கிறார். 2019இல் மற்றொருவரும் மாற்றப்பட்டார். ரெனே கேக்னன் இருந்த இடத்தில் ஹரோல்டு கெல்லர்.

அந்த ஆர்வலர்கள் முகத்தை நம்பவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. ஒரே நாளில் ஒரே ஆளிடம் மாறாமல் இருக்கும் சிறு பொருள்களைப் பல படங்களில் பின்தொடர்ந்தனர். கால்பந்து ரசிகர்களும் இதையே செய்கிறார்கள்: சட்டையின் கோடு எந்தப் பருவத்தது, பின்னால் தெரியும் பார்வையாளர் மேடை எந்த ஆண்டு கட்டப்பட்டது, அந்த ஆண்டு அணியில் பதிவானவர் யார், காயத்தால் ஆடாதவர் யார். ஒரு துறையில் மூழ்கியவருக்கு மட்டுமே தெரியும் அற்பச் செய்திகள் இங்கே சான்றாகின்றன. பலவீனமும் அங்கேயேதான். கூட்டமாகத் தேடும்போது முதலில் ஒருவர் சொன்ன பெயரை மற்றவர்கள் வழிமொழிவதும், வழிமொழிந்தவர் எண்ணிக்கை சான்றின் எண்ணிக்கையாகத் தோன்றுவதும் வழக்கம்.

தமிழ்ச் சூழலில் இப்பணிக்குரிய மூலப்பொருள் சேர்ந்து வருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோப் படங்களை மின்னுருவாக்கியிருக்கிறது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்தவற்றில் நூல்களோடு திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், கடிதம் எல்லாம் உண்டு. 1994 முதல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. ஒரு திருமணப் படத்துக்கு அதே திருமணத்தின் அழைப்பிதழைவிட நல்ல விளக்கவுரை கிடையாது.

கணினியின் ஒப்பீடு

முகங்களைக் கணினி ஒப்பிடும் முறை இப்போது பழைய படங்களுக்கும் வந்துவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் படங்களுக்காக 2018இல் தொடங்கிய ‘சிவில் வார் போட்டோ ஸ்லூத்’ என்ற திட்டம் கணினி தரும் சாயல்களைச் சீருடை, பதவிச்சின்னம் போன்ற செய்திகளோடு சேர்த்து மனிதர்கள் சரிபார்க்கும்படி அமைத்தது. சாயல் என்பது தேடலைச் சுருக்கும் வழி, முடிவு அல்ல என்பது அதன் அடிப்படை.

செட்டிநாட்டுக்கு இம்முறை எவ்வளவு பொருந்தும் என்பதில் தயக்கம் தேவை. அமெரிக்கத் தர நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் தவறான பொருத்தத்தை 10 முதல் 100 மடங்கு வரை மிகுதியாகத் தந்ததைக் காட்டியது. அத்தை மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாக மணந்த சிறிய சமூகத்தில் சித்தப்பாவும் தாய்மாமனும் ஒரே சாடையில் இருப்பது வியப்பில்லை. ஸ்டூடியோக்காரர் வேறு தகட்டின்மேல் பென்சிலால் சுருக்கத்தை நீக்கி, கண்ணைத் திருத்தி, சில வேளை வண்ணமும் பூசிவிடுவார். கணினி அளப்பது அந்தக் கைவேலையையும் சேர்த்துத்தான்.

தீராதவை

மேற்சொன்ன வழக்குகளில் நிலைத்த முடிவுகளைப் பார்த்தால், முகத்தை மட்டும் கொண்டு எட்டியவை அரிது. பெயருக்கும் உருவத்துக்கும் இடையே மூன்றாவது ஒன்று, அதாவது அளவோ கால்சட்டை மடிப்போ கோவில் கணக்கோ, சாட்சியாக வந்த இடங்களிலேயே வாதம் அடங்கியிருக்கிறது. அடையாளத்தை உறுதி, வாய்ப்பு மிகுதி, ஊகம் என்று பிரித்து எழுதும் பழக்கம் அருங்காட்சியகங்களில் ஓரளவு உண்டு. தமிழ் நூல்களின் படக்குறிப்புகளில் இன்னும் வேர்கொள்ளவில்லை. தஞ்சை ஓவியத்தின் அடியில் ‘கருவூர்த் தேவரும் இராசராசனும் எனக் கருதப்படுவோர்’ என்று அச்சிட இரண்டு சொற்கள்தான் கூடும்.

சில கேள்விகளுக்குப் புதுச் சான்று வரக்கூடும். காரைக்குடிச் சங்கத்தின் குழுப்படத்தில் உள்ளோரின் வேறு படங்கள் பூட்டிய வீடுகளில் இருக்கலாம். அவை வெளிவருவதும் குடும்பங்கள் ஒப்புக்கொள்வதும் ஒன்றாக நிகழ வேண்டும். சொத்து வழக்கும் சுவீகார வழக்கும் உள்ள வீடுகளில் ஒரு முகத்துக்குப் பெயர் சொல்வது சட்ட விளைவு உள்ள செயலாகிவிடும் என்பதால் எல்லாப் படமும் பொதுவுக்கு வரும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆதிவராகக் குடைவரையின் அரசர்கள் குடைவரைக் காலக்கணிப்பு உறுதிப்படும் வரை இரண்டு மூன்று பெயர்களோடுதான் இருப்பார்கள். பிள்ளையார்பட்டியின் எக்காட்டூர்க் கோன் செதுக்கியவரா செய்வித்தவரா என்பதைத் தீர்க்க, அதே பெயரோ அதே ஊரின் கோன் ஒருவனோ வேறொரு பழங்கல்வெட்டில் தெளிவான வினைச்சொல்லோடு கிடைக்க வேண்டும்.